கடையாணி கழன்றதாக எழுதிய பந்தயம்

நாலாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பிய எனக்குப் பல வருஷம் சோறு போட்டது, பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதும் வேலை. வேலையை விடுவதற்கு முன் கடைசியாக எழுதப் போனது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரேக்ளா பந்தயம். ஊரைச் சொல்ல மாட்டேன்.

எல்லைக்கோட்டருகே நின்றேன். முதலில் வந்த காளைகள் நேராக என்மேல் பாய்ந்தன. பயத்தில் கால் நகரவில்லை. ஓட்டியவர் கயிற்றை ஒரு பக்கமாக வலித்து இழுத்துக் காளைகளை ஒதுக்கினார். வண்டி கவிழ்ந்தது, பந்தயம் போயிற்று.

"நீங்க என்னைக் காப்பாத்துனதை எழுதறனுங்க," என்றேன்.

"எழுதிப்போடாதீங்க. கோட்டுக்கிட்ட ஒதுங்குன காளைன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. சக்கரத்துக் கடையாணி கழண்டுபோச்சுன்னு போடுங்க."

அப்படியே எழுதினேன்.

மறுநாள் அலுவலகத்தில் எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். வேலையை விட்டுப் போகும் வருத்தம் என்று நினைத்து நண்பர்கள் தோளைத் தட்டினார்கள். கண்ணெதிரே அந்தக் கொம்புகள்தான் நின்றன. நானும் அப்படியே தலையாட்டினேன்.