வார்டில் காட்டிய சிக்னல்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைச் சுற்றி நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் இல்லை.

தேவராஜ் எங்கள் ராயபுரம் தெருக்காரர். ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் அடித்தளம் கிரேன் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே நிற்கிற தேவராஜ் கையைப் பார்த்துத்தான் சரக்கு இறங்கும். ஏற்று, இறக்கு, நிறுத்து - எல்லாம் ஜாடைதான். அவர் பாதத்தில் ஒரு பலகை ஆணி ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கால் வீங்கி, ஜுரம் அடித்த பிறகுதான் அட்மிட் ஆனார்.

நாங்கள் போனபோது ஜுரம் இல்லை. உடம்பு ஜில்லென்று இருந்தது. அவர் மனைவி ஜெயாவுக்கு அத்தனை நிம்மதி.

திடீரென்று தேவராஜ் கையைத் தூக்கினார். விரலைச் சுழற்றினார். ஏற்று... மெதுவா... இறக்கு. ஹார்பர் தோஸ்துகள் சும்மா இருப்பார்களா? ஒருவர் அந்த ஜாடைக்கு ஏற்றபடி சாத்துக்குடிப் பையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். “மாமு இங்கயே டூட்டில சேந்துட்டாரு, ஓவர்டைம் போட்டுக் குடுங்கப்பா” என்றார் இன்னொருவர். பக்கத்துக் கட்டில்காரர்கூட தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தேவராஜுக்கு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. அவர் சிரிக்கவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நாங்கள் கிளம்பிய பிறகு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பார்த்தபோது பிரஷர் விழுந்திருந்தது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு ஓடினார்கள். காலில் இருந்த தொற்று உடம்பு முழுவதையும் பாதித்துவிட்டது, செப்சிஸ் என்றார்கள். சலைன், வேறு ஆன்டிபயாடிக், வென்டிலேட்டர்... எதுவும் பாக்கியில்லை. நேரம்தான் இல்லை.

ஜாடை காட்டியது எப்போது ஆரம்பித்தது என்று மறுநாள் டாக்டர் கேட்டார். சாயங்காலமே என்றோம். உடம்பு ஜில்லிட்டு, மூச்சு வாங்கி, ஆள் குழம்பினால் அதுதான் அபாயம் என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“அவர் வழக்கமா எப்படி இருப்பார்னு எங்களுக்குத் தெரியாதே சார்... உங்களுக்குத்தானே தெரியும்” என்றார்.

நியாயம்தானே? டாக்டருக்கு அவர் நேற்று வந்த பேஷண்ட். நமக்கு அப்படியா? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நிற்கிற நாம், இந்த ஆள் எப்போதும் போல இருக்கிறாரா என்று ஒரு நிமிஷம் பார்க்கிறோமா? பார்த்தாலும், சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்ல நமக்குக் கூச்சம். அந்த வார்டில் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தார் சிஸ்டர். நினைத்தால் மனசு ஆறவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெயாவைப் பார்க்கப் போனேன். ஜெயாதான் பேசினார்.

“வூட்டுக்கு வந்தா வேலையப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டாருண்ணா அவரு. கையத் தூக்கினப்பவே எனக்குத் திக்குனு ஆச்சு. நீங்கல்லாம் சிரிச்சுகினு இருந்தீங்களா... நானும் சிரிச்சிட்டேன்.”