ஜவளகிரியில் இருந்த இன்னொரு சாவி

சஷ்டிதோறும் என்னோடு அமர்ந்து முருகனைக் கும்பிடும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. புதனும் சனியும் பெங்களூரில் டயாலிசிஸ். அந்தப் புரட்டாசியில் காவிரித் தகராறு முற்றி, பேருந்துகள் எங்கள் ஓசூரோடு நின்றன. தமிழ்நாட்டு நம்பர் வண்டி எதுவும் எல்லையைத் தாண்டவில்லை. இறங்கி நடந்து கடக்க அவளுக்குத் தெம்பில்லை. எங்கள் பழைய கார் மட்டும் கர்நாடகப் பதிவு. அதை நம்பித்தான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் காற்றாடக் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போனோம். என் இடுப்பில் செருகியிருந்த கார் சாவி தண்ணீரில் விழுந்துவிட்டது. இருந்தது அது ஒன்றுதான். பூட்டியிருந்த காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

திங்களன்று பூட்டுக்காரர் புதுச் சாவி வெட்டினார். கதவு திறந்தது. என்ஜின் ஒரு நொடி உறுமி அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது.

"சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கணும்மா. அது இல்லாம போனா, ஓனரையே வண்டி திருடன்னுதான் நெனைக்கும்," என்றார்.

கார் கம்பெனியில் சிப் வைத்த சாவி கேட்டதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

செவ்வாய் விடிந்தபோது மகளின் முகம் வீங்கியிருந்தது. படத்தின் முன் விழுந்து, "முருகா, யார் கால்ல விழணும்னாவது காட்டு" என்று அழுதேன். மனதில் வந்தது, எங்களுக்குக் கார் விற்ற ஜவளகிரி விவசாயியின் வீடு. வாங்கிய வாரமே வண்டி நின்றுபோனதற்காக, அவர் மனைவியைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். சாவி ஒன்றுதான் என்று அவர் விற்கும்போதே சொல்லியிருந்தார். போய் என்ன பயன்? ஆனாலும் அந்த வீடு மனதை விட்டு அகலவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, கணவரின் பைக்கில் போனோம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த விவசாயி தலை குனிந்துகொண்டார். கன்னடம் பேசும் குடும்பம். மனைவிதான் தமிழில் பேசினார்.

"மாடு வித்தா கயித்தக் குடுப்போமாக்கா? குடுத்தா வீட்டு லட்சுமியும் கூடவே போயிடும். வண்டிக்கும் அப்படித்தான்னு ஒரு சாவிய வெச்சுக்கிட்டோம். பொய் சொன்னது தப்புதான்."

சாமி அறையிலிருந்து குங்குமம் அப்பிய சாவியை எடுத்து வந்தார். எனக்குக் கை நீட்டக் கூசியது.

"அன்னிக்கு நீங்க பேசினது இன்னும் வலிக்குது. அதுக்குப் பாப்பா என்ன பண்ணும்? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க," என்றார்.

அவர் காலைத் தொடக் குனிந்தேன். பதறி விலகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினோம். சிவப்பு விளக்கு அணைந்தது. என்ஜின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளியில் மறியலுக்கு நின்ற கூட்டம் கர்நாடக நம்பர் பலகையைப் பார்த்து வழிவிட்டது. இன்னொரு நாள் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்றார் டாக்டர்.

பிறகு கம்பெனியிலிருந்து புதுச் சாவி வந்ததும், அவர்களுடையதை அவர்கள் சாமி அறையிலேயே கொண்டுபோய் வைத்தோம். மகளுக்குச் சிகிச்சை தொடர்கிறது. நான் கோபத்தில் போனை எடுப்பதில்லை.

நான் திட்டிய வீட்டு வாசலுக்குத்தான் கந்தன் என்னைக் கூட்டிப்போனான். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதிலாக, நீங்கள் பார்க்கக் கூசும் ஒருவரின் முகம் மனதில் வந்தால், தயங்காமல் புறப்படுங்கள்.