மலையடியில் வைத்த தலைமைப் பெட்டி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் பசறைக்கு அப்பால், தேயிலை மலையொன்றின் மீது பரந்து கிடந்த ஒரு பயிற்சிக் கல்லூரிக்குக் கணினி வலையமைப்பை வடிவமைக்கும் பணி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் பட்டம் பெற்றவன் அல்லன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பழுதான கணினிகளைப் பிரித்தும் பழைய நூல்களைப் புரட்டியும் இத்தொழிலைக் கற்றுக்கொண்டவன்.

அலுவலகமும் விரிவுரை மண்டபங்களும் மலையுச்சியில் இருந்தன. அடிவாரத்தில், வீதியோரமாக, பழைய தேயிலைக் களஞ்சியமொன்றைத் திருத்தி வகுப்பறையாக்கியிருந்தார்கள். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் அங்கேதான் கணினி பயின்றனர். எனக்குத் தரப்பட்ட திட்டத்திலோ, நகரிலிருந்து வரும் இணைப்பு அக்கட்டடத்தின் சுவரை ஒட்டியே வந்து, அங்கே நில்லாமல் நேரே உச்சிக்கு ஏறியது.

கல்லூரியின் நிர்வாக அதிகாரி யாழ்ப்பாணத்தவர். கீழ்க் கட்டடம் ஏன் விடுபட்டது என அவரிடம் வினவினேன்.

“அதுகளுக்கு இப்ப என்ன அவசரம்? பிறகு பாப்பம்,” என்றார்.

அன்று பிற்பகல் பாதையை அளந்தவாறு மலையிலிருந்து இறங்கியபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு தாய் என்னை மறித்தார். அவருடைய மகளும் அவ்வகுப்பில் படிப்பவள்.

“என்னாண்ணே, கயிறு புடிச்சு அளக்குறீங்க? மலைய விக்கப் போறீங்களா?”

விடயத்தைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

“தொரை பங்களாவுக்குத் தண்ணிக் குழாயும் இப்படித்தாண்ணே எங்க லயத்து வாசல் வழியா போச்சு. நாங்க ஓடைப் பீலியில தண்ணி புடிக்கக் குடத்தோட காத்துக் கெடந்தோம். இப்ப புள்ளைகளுமா?”

அத்தகைய குழாயை நானும் அறிவேன். சிறு வயதில் அதன் மீது காதை வைத்து, உள்ளே தண்ணீர் ஓடும் ஓசையைக் கேட்டிருக்கிறேன்.

பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வரைந்தேன். கட்டடங்கள் அனைத்தையும் இணைக்கும் தலைமைப் பெட்டியைக் கீழ்க் கட்டடத்தினுள் வைத்தேன். நகரத்து இணைப்பு முதலில் அங்கே இறங்கும். அதன் பின்னரே மேலே ஏறும்.

அதிகாரி அதைப் பார்த்தார்; மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார்.

“கீழ கரண்டை நிப்பாட்டினால் எங்கட கொம்பியூட்டரும் செத்துப்போகுமே, ஐசே!”

“ஆமாங்க. அதுக்காகத்தான் அங்க வச்சேன். அப்பத்தான் கீழ உள்ளத யாரும் நிப்பாட்ட மாட்டாங்க.”

“உச்சியில வைச்சால் என்ன?”

“உச்சியில இடி விழுதுங்க. அதுவும் ஒரு காரணம். மொதக் காரணம் புள்ளைங்கதான்.”

“மாத்தாட்டி வேற ஆளைப் பிடிப்பன்.”

“புடிங்க ஐயா. இந்தக் கோட்ட நான் அழிக்க மாட்டேன்.”

வரைபடத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவ்வேலையை நம்பியே அப்போது என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அஞ்சவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

சில நாட்களின் பின் அவரே பசறைக் கடைவீதியில் என்னைத் தேடிப் பிடித்தார்.

“மேலிடத்தில காட்டினன். இடி எண்டவுடன எல்லாரும் ஓமெண்டிட்டினம். பிள்ளையளைப் பற்றி நான் மூச்சுவிடேல்லை; நீரும் சொல்லாதையும்.”

“கேக்குற எல்லாருக்கும் சொல்லுவேங்க,” என்றேன். சொல்லவும் செய்தேன்.

பிறகு, ஒவ்வொரு காலையிலும் சாவிப் பொறுப்பை ஏற்ற அத்தாயின் மகள் கீழ்க் கட்டடத்தின் கதவைத் திறந்து விசையைப் போட்ட பின்னரே உச்சியிலிருந்த கணினிகள் கண்விழித்தன. எவரேனும் எம்மவரிடம் ‘பிறகு பார்ப்போம்’ என்று சொல்லக் கேட்டால், அந்தக் கதவை நினைத்தபடி நான் இன்றும் எழுந்து நின்று, ‘எப்போது?’ என்று கேட்கிறேன்.