தாரில் காய்ந்த பஞ்சு

போன கிழமை சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கப் போயிருந்தேன். ஊசி குத்திய இடத்தில் தாதிப் பிள்ளை ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னாள். நான் அதில் பாதியைப் பிய்த்து, இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன வாப்பா, பஞ்சோட விளையாடுறீங்க? ரத்தம் வடியுது!" என்று சத்தம் போட்டாள். இழை சரியான குட்டை. அதை அவளிடம் சொல்லி என்ன செய்ய?

இந்தப் பழக்கம் எழுபதுகளின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்போது வயது இருபத்திரண்டு, என்னைப் பெற்ற வாப்பாவோடு வயல் வேலை. கல்முனைப் பஞ்சு முதலாளி ஒருவர் நீள இழைப் பருத்தி விதை கொண்டுவந்து தந்தார். மெல்லிய நூல் நூற்கிற சாதி. "நீளமும் துப்புரவும் இருந்தா முழுக்க நானே எடுக்கன்" என்றார். வாப்பா நெல்லைத் தவிர வேறொன்றும் போடாதவர், மேட்டுக் காணி முழுக்க அதைப் போட்டார். எல்லாம் தங்கச்சிக்காக. எங்களூரில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அவளுடைய வீடு சுவரோடு நின்றது, கூரையில்லை. பருத்தி எடுக்கும் மட்டும் பொறுப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வானத்தைப் பார்ப்பேன், காயில் புழுவைப் பார்ப்பேன், திரும்பவும் வானத்தைப் பார்ப்பேன். "நீ பாக்கிற பார்வைக்கே மழ வந்திரும்டா மனே" என்று வாப்பா பகிடி பண்ணுவார். ஆனால் பருத்தி நன்றாகவே வெடித்தது. வெயிலில் கிடந்த பஞ்சுக்கு ஒரு வாசம் உண்டு, தோய்த்துக் காய்ந்த சாரனை முகத்தில் போட்டதுபோல.

பறித்துச் சாக்குகளில் அடைத்து, தங்கச்சியின் கூரையில்லாத வீட்டில் அடுக்கி, தென்னோலைக் கிடுகு போட்டு மூடினோம். வாப்பா லொறி கூட்டிவரப் போன அன்று விடியச் சாமத்தில் ஒரு தூறல். நனைந்தது நாலு சாக்குத்தான். எனக்கோ எல்லாமே புழுங்கி நாறப்போகிறதென்ற பயம். நெல் நனைந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? றோட்டில் போடுவார்கள். நானும் போட்டேன்.

"காக்கா, நனையாததயும் ஏன் அவுக்கிறீங்க?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சும்மா இரிகா. உள்ளுக்கு ஈரம் போயிரிக்கும்."

பத்து மணி வெயிலில் தார் இளகியது. நெல்லின் மேல் ஓடிப் பழகிய பஸ்காரர் பஞ்சின் மேலும் ஓடினார். விதை நசுங்கி எண்ணெய் கசிந்தது. பதறிப்போய் விளக்குமாறால் கூட்டினேன், மண்ணும் சேர்ந்துகொண்டது.

பின்னேரம் லொறி வந்தது. முதலாளி ஒரு துளிப் பஞ்சைப் பிய்த்து இழுத்தார். "இழையப் பாரு மச்சான், என்ன நீளம்!" என்று வாப்பாவிடம் காட்டினார். பிறகு அதே துளியைத் திருப்பித் தார் ஒட்டிய கறுப்பைக் காட்டினார். "இத மில்லுக்காரன் தொடமாட்டான். மெத்தைக்குத்தான் போகும்."

வாப்பா என் பக்கம் திரும்பவில்லை. "ஏத்துங்க" என்றார். நானும் சேர்ந்து ஏற்றினேன். அழுகை வரவில்லை. பசித்தது. பாரை மீன் குழம்போடு சோறு தின்றேன், ருசி மட்டும் ஞாபகமில்லை.

மாப்பிள்ளை கூரையுள்ள வேறு வீட்டுக்குப் போனார். ஐந்து வருடம் கழித்துத்தான் தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு ஏறியது. பெண்சாதி மௌத்தாகித் தனித்துப்போன ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு மாப்பிள்ளையாக வந்தார். ஓடு போட்ட அன்று அந்தப் பஞ்சைப் பற்றி அவளிடம் கதைக்க வாயெடுத்தேன். "காக்கா, தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றாள். குடித்தேன்.

பிறகு கலவர காலம் வந்து மேட்டுக் காணிப் பக்கம் போக முடியாமல் போயிற்று. இப்போது அங்கே எது எங்கள் எல்லையென்று எனக்கே தெரியாது. முதலாளியின் பஞ்சுக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். வாப்பா போய் முப்பது வருடமாகிறது. தங்கச்சி போன நோன்புக்கு முன்னால் மௌத்தாகிவிட்டாள். என்னை ஏச உரிமை இருந்த இரண்டு பேருமே ஏசாமல் போய்விட்டார்கள்.