அடிவாரத்தில் வெந்த பருப்பு

"அழுத்தம் குறைஞ்சா கொதிநிலை குறையுமுங்க. வெளங்குதுங்களாக்கா?" என்று காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள் அத்தாயி. "வெளங்கலடி!" என்று இந்தப் பக்கமிருந்து குப்பாயி திருப்பிக் கத்துவாள். இருவர் கையும் நிற்காது. பழம் இடுப்புக் கூடையில் விழுந்துகொண்டே இருக்கும். "நம்ம ஊட்டுப் பேச்சுல சொல்லு கண்ணு. எனக்கு ஏறலைன்னா உனக்கும் ஏறலைன்னுதான் அர்த்தம்."

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் எஸ்டேட்டில் அந்தப் பழ சீசன் முழுக்க இந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. மாணவி ஒருத்திதான். கேள்வி கேட்டுக் குடைந்தவர்கள் உடன் பழம் பறித்த பெண்கள் அத்தனை பேரும். அவர்களில் நிஜப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் எவருமில்லை. ஆனால் அதட்டலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அத்தாயி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பத்தாம் வகுப்பில் மற்றதெல்லாம் தேறி, அறிவியலில் மட்டும் கவிழ்ந்தவள். மறுபடி எழுதி மறுபடியும் கவிழ்ந்தாள். ஊரில் பால்வாடி திறக்கப்போவதாக இருந்தது. டீச்சர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இந்தத் தடவை விட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். இவளுக்கு ஆயுசுக்கும் கூடைதான்.

படிக்காமல் தோற்றவளல்ல அவள். பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிப்பாள். போன தடவை, மலையில் இருப்பவர்கள் பிரஷர் குக்கரில் சமைப்பது ஏன் என்று கேட்டுவிட்டார்கள். விடையான வாக்கியம் நாக்கு நுனியிலேயே இருந்தது. அதுதான் விடை என்று தெரியாமல் போயிற்று. "கேள்விய மாத்திப்புட்டாங்கன்னு அழுதுட்டு வந்தனுங்க. அது நம்ம ஊட்டு அடுப்பப் பத்துன பேச்சுன்னு எனக்குத்தானுங்க தெரியல" என்று இப்போது சிரிக்கிறாள். அந்த அழுகைக்குப் பிறகு ஆரம்பித்ததுதான் இந்தக் கத்தல்.

எங்கள் மலையில் துவரம்பருப்பு லேசில் வேகாது. அதற்குக் காரணம் ஏற்காட்டு மளிகைக்கடை முருகேசன் என்று பெண்கள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சேலத்திலிருந்து வந்த மனுஷர், பழைய பருப்பை நம் தலையில் கட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. அத்தாயியோ, பருப்பின்மேல் தப்பில்லை, மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது என்றாள். குப்பாயி பறிப்பதையே நிறுத்திவிட்டாள். "கொதிச்சா கொதிச்சதுதான்! அதுலென்னடி மேல ஒரு கொதி, கீழ ஒரு கொதி?" நியாயம் குப்பாயி பக்கம்தான் இருப்பதாக எனக்கும் பட்டது.

பேச்சில் தீராத வழக்கு பஸ் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பருப்பை வேகவைத்துப் பார்த்துவிட்டு, இருவரும் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். அதே பானை, அதே பருப்பு, என்னிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரம். தண்ணீரையும் கேனில் எடுக்கச் சொன்னவள் குப்பாயி. "அப்பறம் கீழ்த் தண்ணி நல்ல தண்ணின்னு பேச்சு வரப்படாது. வெறகும் நம்ம வெறகே இருக்கட்டும்." சாலையோரம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியவர்களை, ஏதோ வேண்டுதல் பொங்கல் என்று நினைத்து யாரோ கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

மேலே நறுக்கென்று நின்ற பருப்பு, கீழே அதே நேரத்துக்குள் மசிந்துவிட்டது. குப்பாயி விரலால் நசுக்கினாள், வாயில் போட்டுப் பார்த்தாள். "இப்பச் சொல்லு கண்ணு" என்றாள்.

"மேல காத்து லேசுங்கக்கா. தண்ணிய அமுக்கி உக்கார வெக்க அதுக்குப் பலம் பத்தாது. கொஞ்சம் சூடு ஏறுனதுமே தண்ணி துள்ளிருது. துள்ளுறதப் பாத்து நாம நொம்பச் சூடுன்னு நெனச்சுக்கறோம். குக்கரு மூடி ஆவிய வெளிய உடாம அமுக்கிப் புடிச்சுக்குது. அப்பத்தான் சூடு இன்னும் மேல ஏறும்."

"வெளங்கிருச்சுடி!" என்று குப்பாயி போட்ட கூச்சலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

திரும்பும்போது குப்பாயி நேரே முருகேசன் கடைக்குப் போனாள். "உம்மேல தப்பில்ல சாமி. எல்லாம் காத்து மேலதான்." அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மா, இத்தன வருசமா வாங்குன வசவையெல்லாம் காத்துகிட்டயா போயிக் குடுக்கறது?"

பரீட்சையில் அந்தத் தடவையும் கேள்விகளைத் திருப்பிப் போட்டுத்தான் கேட்டார்கள். அத்தாயி ஒவ்வொன்றுக்கும் விடையைக் குப்பாயிக்குச் சொல்வதுபோல வீட்டுப் பேச்சில் முணுமுணுத்துப் பார்த்து, அப்புறம் புத்தகத் தமிழில் எழுதினாள். யாரோடு பேசுகிறாள் என்று மேற்பார்வை வாத்தியார் பக்கத்தில் வந்து வந்து பார்த்தாராம்.

முடிவு வந்த அன்று பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். டவுனிலிருந்து பேப்பரோடு வந்த நான் சரிவில் ஓடினேன். என் தொந்தியைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். அத்தாயியின் எண் இருந்தது! சொந்த மகள் தேறியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா தெரியாது.

"எங்க, நம்ம நம்பரு எது?" என்று கேட்டாள் குப்பாயி. காட்டினேன். என் சம்பளப் பேரேட்டில் கைநாட்டு வைப்பதுபோல, மண் ஒட்டிய கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அடுத்தவளும் வந்து வைத்தாள். அப்படியே ஒவ்வொருத்தியாக வைத்து முடித்தபோது, எண் செம்மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. அத்தாயி பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, தன் கட்டைவிரலையும் அதே இடத்தில் வைத்து அழுத்தினாள்.