என் பேட்ச்சைத் திருடியவர்

யாராவது என்னிடம் நல்லவிதமாகப் பேசினால், இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பால்காரர் ஒருநாள் கூடுதலாக ஊற்றிவிட்டால் தண்ணீர் கலந்துவிட்டாரோ என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு. "ஒங்களுக்குப் பொண்ணு குடுக்க எங்கப்பா எப்பிடிச் சம்மதிச்சாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்பாள் என் மனைவி. சந்தேகப்படுவது தொற்றுநோய் போல என்று நினைத்துக்கொள்வேன்.

காரைக்குடியில் ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ். எங்கள் வீட்டில் எல்லோரும் மரவேலைக்காரர்கள். நான் மட்டும் டிப்ளமோ முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கினேன். மற்ற கடைக்காரர்கள் திருட்டு சி.டி.யில் வந்த மென்பொருளை வைத்துப் பிழைத்தபோது, அதில் எவன் எதைச் சொருகி வைத்திருக்கிறானோ என்று நான் அதைத் தொடவே இல்லை. அதனால்தான் இலவசமாகக் கிடைக்கிற, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறினேன். கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது. திறந்து பார்க்கலாம் என்றார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு மெயிலிங் லிஸ்டில்தான் பேசிக்கொள்வார்கள். ஒருவர் எழுதினால் சேர்ந்திருக்கிற எல்லோர் பெட்டியிலும் அது போய் விழும். நான் சேரவில்லை. சேர்ந்தால் என் முகவரி அவர்கள் கைக்குப் போய்விடுமே! சேராமலே படிக்க வேறு வழி ஒன்று இருந்தது. இந்த மாதிரி லிஸ்டுகளை எல்லாம் இணையத்தின் பழைய காலத்து விவாதக் குழுக்களான நியூஸ்குரூப் போல அடுக்கி வைத்திருக்கும் கேட்வே என்ற இடைவாசல் ஒன்று உண்டு. நியூஸ்ரீடர் என்ற மென்பொருளில் அதைத் திறந்தால், யார் யாருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று கிளைகிளையாகத் தெரியும். படிப்பவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்காகவே செய்துவைத்தது போல் இருந்தது.

வேண்டுமானால் அதிலிருந்தே எழுதியும் போடலாம். ஆனால் அனுப்புநர் முகவரி கொடுத்தாக வேண்டும். நான் என் முகவரியின் நடுவில் ஒரு குப்பைச் சொல்லைச் செருகி வைத்திருந்தேன். மனிதர்கள் பார்த்தால் புரிந்துகொண்டு அதை எடுத்துவிட்டு எழுதுவார்கள், விளம்பரம் அனுப்பும் இயந்திரங்களுக்குப் புரியாது. பழைய நியூஸ்குரூப் ஆட்களிடம் இருந்த பழக்கம் இது. வேறு சில நியூஸ்குரூப்புகளில் இதே முகவரியோடு எழுதியிருக்கிறேன், ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

இப்படி ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் லிஸ்டில் எழுத வேண்டிய நேரம், ஒரு கண்டனூர்க் கல்யாணத்தால் வந்தது.

இங்கே நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எந்த ஊர் என்று போடுவதோடு, எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள் என்றும் போட்டாக வேண்டும்; அவர்களுக்குக் கோவில்தான் குலப்பிரிவு. பெண் வீட்டுக்கு இளையாத்தங்குடிக் கோவில். அந்த வரியை அகலமாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, பத்திரிகையின் அகலத்துக்கு நிரவிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மென்பொருளின் புதிய பதிப்பில் அப்படி நிரவியதும் 'கோ' உடைந்துபோனது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். நான் கவனிக்காமல் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடமே போன்.

"என்ன தம்பி, கோவிலையே ஒடச்சு அனுப்பியிருக்கீக?"

நல்ல காரியத்துக்கு அடிக்கிற பத்திரிகையில் கோவில் உடைந்தால் சும்மா விடுவார்களா? அப்போதைக்கு அந்த எழுத்தை மட்டும் படமாக்கி ஒட்டிச் சமாளித்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. எல்லாப் பத்திரிகையிலும் கோவில் வருமே, ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? மென்பொருளின் உள்ளே புகுந்து தேடினேன். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கடைசியில் பிடித்துவிட்டேன். இடைவெளியைக் கணக்குப் போடுகிற இடத்தில் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தது. சில வரிகளை மாற்றினேன், கோ ஒன்றுசேர்ந்து நின்றது. கடைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டேன். உள்ளே கவர் வெட்டிக்கொண்டிருந்த மனைவி பதறிப்போய்க் கத்தரியோடு ஓடிவந்தாள்.

இந்த மாதிரித் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். லிஸ்டுக்கு அனுப்பினால், சரியாக இருந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பங்களித்தவர்கள் என்று ஒரு கோப்பு மென்பொருளோடு போகும், அதில் நம் பெயரும் ஏறும். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. பத்திரிகையின் அடியில் கடைப் பெயரைப் பொடி எழுத்தில் போட்டால்கூட "அதை எடுத்துருங்க" என்று சொல்கிற ஊரில் இத்தனை வருஷம் வேலை செய்துவிட்டேன். எங்கேயாவது ஓரிடத்தில் இது இவன் செய்தது என்று இருக்கட்டுமே.

பேட்ச்சோடு, சோதித்துப் பார்ப்பதற்காக அந்தப் பத்திரிகையின் கோவில் வரியையும் சேர்த்து நியூஸ்ரீடரிலிருந்து அனுப்பினேன். லிஸ்டில் வரவில்லை. ஒருவேளை தாமதமாகும் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் எழுதுவது எல்லாம் வந்துகொண்டே இருந்தது. மறுபடி அனுப்பினேன். அதுவும் வரவில்லை.

லிஸ்டை நடத்துகிறவர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். யார் எழுதினாலும் ரெண்டே வரியில் வெடுக்கென்று பதில் சொல்வார். அவருடைய பழைய பதில்களை எல்லாம் தேடி எடுத்துப் படித்தேன். ஒரு ஜப்பான்காரருக்கு நன்றி சொல்லியிருந்தார். ஒரு வங்காளத்துக்காரரிடம் "முதலில் ஆவணத்தைப் படி" என்றிருந்தார். ஓகோ, அப்படியா சங்கதி என்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"மெயில் போகலைன்னா இன்னொரு தடவை பார்த்து அனுப்ப வேண்டியதுதானே. அந்த மனுசன் பாவம், ஒங்களைத் தெரியக்கூடத் தெரியாது" என்றாள் மனைவி.

"தெரியாதவன்தான் அமுக்குவான்" என்றேன்.

அப்புறம் நடந்ததைப் பார்த்தபோது என் சந்தேகத்துக்கே நான் மாலை போடலாம் போல இருந்தது. லிஸ்டில் ஒரு புது அஞ்சல். தமிழ் எழுத்து உடைவதற்கு ஒரு பேட்ச். எழுதியவருக்குப் பெயர் இல்லை, வெறும் இரண்டு இனிஷியல். திறந்தேன். அதே இடம், அதே திருத்தம். கீழே சோதனைக்கு ஒரு வரி: இளையாத்தங்குடிக் கோவில், கண்டனூர். நான் வரியை மடக்கிய இடத்தில் மடக்கி, நான் விட்ட இடைவெளியை விட்டு, என் பத்திரிகையின் அதே வரி!

அஞ்சலின் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்த்தேன். நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் நமக்குக் கிழக்கே ஏதோ ஒரு நாடு. அனுப்பியது நான் வைத்திருக்கிற அதே நியூஸ்ரீடர். குளிர் நாட்டுக்காரர் "நல்ல வேலை, சேர்த்துவிட்டேன்" என்று பதில் போட்டிருந்தார். இவ்வளவு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. கதை முழுசாக விளங்கிவிட்டது. என் அஞ்சலை நிறுத்தி வைத்து, சிநேகிதருக்குக் கொடுத்து, அவர் பெயரில் போடவைத்திருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கிறவன் எங்கே வந்து கேட்கப்போகிறான்?

உட்கார்ந்து மூன்றாவது அஞ்சல் எழுதினேன். தலைப்பிலேயே திருடன் என்று போட்டேன். இனிஷியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கோழை, அடுத்தவன் உழைப்பில் பெயர் வாங்கும் ஜென்மம், வெட்கம் மானம் இருந்தால் என் வரியையாவது மாற்றியிருப்பாய் என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த வசவை எல்லாம் இறக்கினேன். அகராதி பார்த்துத்தான் சிலதைச் சேர்த்தேன். அனுப்பினேன். அதுவும் லிஸ்டில் வரவில்லை. வராததே ஆதாரம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் கண்டனூர் வீட்டிலிருந்து வாங்கிப் போக ஒரு ஆச்சி வந்தார். என் வயதுதான் இருக்கும்; நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்பதுதான் இங்கே வழக்கம். கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பெண்ணின் அத்தை என்று சொன்னார். கட்டைப் பிரித்து மேலே ஒன்றை எடுத்து, கோவில் வரியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு என் மானிட்டரைப் பார்த்தார்.

"அட, நீங்களும் இந்த நியூஸ்ரீடர்லதான் படிக்கிறீகளா? இன்னமும் இதை வச்சிருக்கவுகளை நான் பார்த்ததே இல்லையே."

நான் மானிட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆச்சிக்கு எதற்கு இந்த விசாரணை?

"நீங்க அனுப்புன பிடிஎஃப் எனக்கும் வந்துச்சு தம்பி. கோவில் ஒடஞ்சு கெடந்துச்சா, நம்ம வீட்டுக் கல்யாணத்துல இப்பிடியான்னு நோண்டிப் பார்த்தேன். எதுல செஞ்சதுன்னு பிடிஎஃப்லயே இருக்குமே, அந்த மென்பொருள்லயே தப்பு. எழுதிப் போட்டேன், எடுத்துக்கிட்டாக."

அந்த வரி என் அஞ்சலில் மட்டும் இல்லை, நானே அனுப்பிய பிடிஎஃப்பிலும் இருந்தது என்பது அந்த நிமிடம் வரை என் புத்தியில் ஏறவே இல்லை. ஆனாலும் விட மனசில்லை.

"அதை மொதல்ல எழுதுனது நான் ஆச்சி. ஒங்களுக்கு முந்தியே ரெண்டு தடவை அனுப்புனேன். உள்ள இருக்கிறவுக அமுக்கிட்டாக."

ஆச்சி கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேட்வே வழியா மொதத் தடவை ஒரு லிஸ்டுக்கு எழுதுனா, 'இதைப் போட்டது நீதானா'ன்னு நம்ம முகவரிக்கு ஒரு மெயில் வருமே. அதுக்குப் பதில் போட்டாத்தான் லிஸ்டுக்கே அனுப்பும். போட்டீகளா?"

"அப்பிடி ஒண்ணும் வரலை."

"வராம இருக்காதே. முகவரி சரியாத்தானே குடுத்திருக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் கவர் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "எங்க சரியாக் குடுத்தாக? நடுவுல குப்பையைப் போட்டு வச்சிருக்காக. ஒருத்தரும் எழுதிறக் கூடாதாம்."

ஆச்சி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர் நாட்டுக்காரர் என் அஞ்சலைப் பார்த்திருக்கவே இல்லை. கேட்வே என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறது, நான்தான் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அனுப்புன மெயில் ஒங்ககிட்ட இருக்கும்ல? காட்டுங்க. தேதியைப் பார்த்துட்டு நானே லிஸ்டுல சொல்றேன், நீங்கதான் முந்தின்னு. ஒங்க பேரு ஏற வேண்டிய எடத்துல என் இனிஷியல் எதுக்கு?"

நான் விரும்பியதும் அதுதான், வேறெதுவும் இல்லை. ஆனால் அனுப்பியவற்றை வைக்கும் பகுதியைத் திறந்தால் மூன்றும் வரிசையாக நிற்கும். "அப்பறமா எடுத்து அனுப்புறேன் ஆச்சி" என்றேன். அவர் அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எட்டி மவுஸைப் பிடித்து, தானே திறந்துவிட்டார். முதல் இரண்டின் தேதியைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவதின் தலைப்பில் அவருடைய இனிஷியலும் திருடனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"இது நானா?"

"ஆமா."

திறந்து படித்தார். அவசரப்படாமல் கடைசி வரி வரை படித்தார். மனைவி கையில் இருந்த கவரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

"இனிஷியல் மட்டும் போடுறது ஏன்னா, பொம்பளைன்னு தெரிஞ்சா அங்க வேற மாதிரிப் பேசுவாக. நானும் யாரையும் நம்புறதில்லை தம்பி" என்றார். பிறகு அந்த அஞ்சலை மூடினார். "ஆனா இங்கிலீசு நல்லா எழுதுறீக."

தன் கணக்குக்குள் நுழைந்து, என் கீபோர்டிலேயே லிஸ்டுக்கு எழுதத் தொடங்கினார்.

"ஒங்க பேரை இங்கிலீசுல எப்பிடி எழுதணும்? முழுசாச் சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எங்கேயாவது ஒரு கொக்கி வைக்கிறாரா என்று அவர் தட்டத் தட்டப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புத்தி எனக்கு அப்போதும் போகவில்லை. இந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் இவர், நான் பின்னால் வந்தவள், என் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைப் போடுங்கள் என்று எழுதினார். வேறு ஒன்றுமே எழுதவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கங்க, சரியா இருக்கான்னு" என்றார்.

படிக்காமலே அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்திருந்தேன்.