வெள்ளை வட்டத்தில் தலைவர்

நேற்று செமாபோக் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சின்னவள் கைப்பேசியைக் காட்டியே பணம் கட்டிவிட்டாள். நான் நோட்டை எடுத்தால், "இன்னும் இந்தக் காகிதமாப்பா?" என்கிறாள். பிள்ளைகளே, அந்தக் காகிதத்தில் இடம்பிடிக்க எங்கள் ஊரில் ஒருவர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நாடு சுதந்திரம் வாங்கிய சமயம். காஜா பேராங்கில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. மண்ணெண்ணெயில் மையைக் கழுவிக் கழுவி, தின்கிற சோறும் அந்த வாசம்தான். அங்கே படம் வரைந்தவர் சிட்டிக்கார நாகப்பன் அண்ணன். மலாயே வீட்டுப் பேச்சாகிப்போன பழைய தமிழ் வம்சம்; நெற்றியில் விபூதி, வாயில் மலாய். எண்ணெய்ப் புட்டிக்கு லேபிள் வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். புது நாட்டுக்குப் புது நோட்டு வரும், கோலாலம்பூரில் ஓவியரை வேலைக்கு எடுப்பார்கள் என்று காதில் விழுந்ததும் மாதிரிக்கு ஒன்று வரைந்தார். நெற்கதிர், படகு, தலைமயிர் போலக் கோடுகள். ஓரத்தில் மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக.

வேலை மனுவுக்கு எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் மாலைக்குத் தன் கழுத்தை நீட்டுகிற தலைவர் அவர்.

"இங்க ஏன் வெள்ளையா கிடக்கு?"

அண்ணன் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "அது நீர்க்குறிக்குங்க. வெளிச்சத்துல பிடிச்சா உள்ளே உருவம் தெரியும்."

"வெளிச்சம் இல்லாத வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? இடத்த வீணாக்காம என் படத்தப் போடச் சொல்லு. சின்னதா போதும்."

"தலைப்பாகையோட போட்டா எடுப்பா இருக்கும்ங்க," என்றார் பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர். இப்படி ஆள் இல்லாமல் அப்படித் தலைவர் முளைப்பதில்லை.

"போலே, துவான்," ஆகட்டும் ஐயா என்று அண்ணன் தலையாட்டினார். வரைந்தார். கையெழுத்து கிடைத்தது. அச்சகத்துக்கு வந்ததும் சவரக்கத்தியால் அந்த முகத்தைச் சுரண்டினார். மை போய்விட்டது, காகிதமும் மெலிந்துவிட்டது. சன்னலில் பிடித்தால் தலைப்பாகையோடு தலைவர், அசல் நீர்க்குறியாகவே நிற்கிறார். எனக்குச் சிரிப்பு, அண்ணனுக்கு முகமே செத்துவிட்டது. வேறு வரைய நாளில்லை. அப்படியே அனுப்பினார்.

நோட்டு வேலை கிடைக்கவில்லை. அதை எங்கோ இங்கிலாந்தில் வரைந்தார்களாம். ஆனால் கோடு சுத்தமாக இருந்ததால் நிலப்படம் வரையக் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டார்கள். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

புது நோட்டு வந்ததும் தலைவர் மேலே தன் படத்தைத் தேடிவிட்டு, காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் அதை வெயிலில் பிடித்தார். உள்ளே புலித்தலை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாயல் இருக்கு," என்றார்.

"மீச அப்படியே உங்களுதுங்க," என்றார் செயலாளர்.

அந்த நோட்டு இன்று எந்தக் கடையிலும் செல்லாது. அச்சகத்தை இடித்த இடத்தில் மோட்டார் காடிகள் நிற்கின்றன. தலைவர் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. செயலாளரின் இனம் மட்டும் அழிந்ததாகத் தெரியவில்லை.